முகம் இல்லாத பேனர்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடங்களில், கள்ளக்குறிச்சி சாலையில் எப்போது மறியல் வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியொரு மறியல் நாளில்தான் கச்சிராயபாளையத்தில் என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்துத் தொலைத்தோம்.

எங்கள் பக்கம் இந்த விழாவுக்குத் தாய்மாமன் பேனர் வைக்காவிட்டால் மானம் போய்விடும். என் மைத்துனன் பெரிய மானஸ்தன். மண்டப வாசலை அடைத்து, பஸ் அகலத்துக்கு ஒன்று கட்டிவிட்டான். முதல் நாள் மாலை அதைப் பார்த்த என் மகள் கேட்டாள்.

"இது யாருப்பா?"

நியாயமான கேள்வி. அவள் என்னைப் போலக் கறுப்பு. பேனரில் நின்றவளோ பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்த மாதிரி இருந்தாள். மூக்கைக்கூட இழுத்துக் கூராக்கியிருந்தார்கள். தலைக்கு மேலே, ‘எங்கள் வீட்டு உலக அழகி’ என்று கொட்டை எழுத்து வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"எல்லாருக்கும் போடற வெள்ளதாண்ணே" என்றார் அவர், ஏதோ சலுகை செய்தவர் போல.

மைத்துனன் அதற்கும் மேலே போனான். "ஊரே பாக்கும் மாமா. உள்ளது உள்ளபடி வெச்சா நல்லாவா இருக்கும்?"

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் பெண். என்ன மனிதர்கள் இவர்கள்! விடிந்தால் விழா, வேறு பேனருக்கு எங்கே போவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் மண்டபத்து அறைக்குள் போய், சென்னையிலிருக்கும் அக்கா முறைப் பெண் கொடுத்த, இங்கிலீஷில் வந்த ஜப்பான் படக்கதையை விரித்துக்கொண்டாள்.

காலையில் சமையல்காரர் போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன். பேனரில் முகம் இல்லை. கழுத்துக்கு மேலே வட்டமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அறையில் மகளும் இல்லை. படுக்கையில் அந்தப் புத்தகம் மட்டும் கிடந்தது.

திறந்தேன். முதல் பக்கத்திலேயே, உடைந்த கண்ணாடி முன்னால் கையில் கத்தரியோடு ஒரு பெண். முகம் முழுக்கக் கறுப்பு மைக் கீறல்கள். மேலே புரட்டினால், அதே பெண்ணைச் சுற்றி கேமராக்கள், கைதட்டல், ஆஸ்பத்திரிக் கட்டில், ஒவ்வொரு தடவையும் வேறொரு முகம். பேருக்கும் புகழுக்குமாக முகத்தை மாற்றி மாற்றித் தன்னையே அழித்துக்கொண்டவளின் கதை என்று இங்கிலீஷ் தெரியாத எனக்கே புரிந்தது. இவளும் ஏதாவது செய்துகொண்டாளோ என்று வெளியே ஓடினேன்.

கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கினேன். சோற்று அண்டாவையும் திறந்து பார்த்தேன் என்று சமையல்காரர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். கைக்குக் கிடைத்த பட்டு வேட்டியும் மனைவியின் செருப்புமாக, யாருடைய பைக் என்றுகூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு பறந்தேன்.

கொஞ்ச தூரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரக் கிளையைப் போட்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது.

"வண்டி போவாதுங்க. திருப்புங்க."

"என் பொண்ணு மூஞ்சிய வெட்டிக்கினு பூட்டாங்க!" என்று அலறினேன்.

கூட்டம் திடுக்கிட்டது. பிறகு கொடியோடு நின்ற ஒருவர் மெதுவாகக் கேட்டார். "கையில ஒரு மூஞ்சிய சுருட்டி வெச்சிக்கினு ஒரு பாப்பா குந்திக்கினு இருக்குதே, அதுங்களா?"

மரத்தடியில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என் மகள். சொந்த முகம் சொந்த இடத்திலேயே இருந்தது. மடியில் சுருட்டிய பேனர்த் துண்டு. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"ஸ்டூடியோவுக்கு நடந்தே போயி என் மூஞ்சியக் குடுன்னு கேக்கப் போறாளாம்" என்றார் பக்கத்திலிருந்த அம்மா. "தனியா வுடலாங்களா? அதான் புடிச்சி குந்த வெச்சோம். நாங்களும் எங்களுக்கு உண்டானதக் குடுன்னு கேக்கத்தானே வந்துக்கிறோம்."

"அந்த புக்குல மொதப் பக்கத்துலயே..." என்று நான் திக்கினேன்.

"அது கடைசிப் பக்கம்பா! ஜப்பான் புக்கு வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும்."

மறியலே சிரித்தது. போலீஸ்காரர்கூடத் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தக் கதையில வர்றவளுக்கு ஒவ்வொருத்தரும் ஒரு மூஞ்சி மாட்டிக்கினே இருந்தாங்கப்பா. என்து எங்கன்னு அவ கடைசி வரிக்கும் கேக்கவே இல்ல. நான் கேக்கலாம்னு போனேன்."

அன்று மறியலால் ஸ்டூடியோ திறக்கவில்லை. பேனர் ஓட்டையோடுதான் நின்றது. கூட்டம் கலைந்து விருந்தாளிகள் வரத் தொடங்கியதும், என் மகள் பேனருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏறி, அந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தாள். ரோஸ் நிறக் கழுத்துக்கு மேலே அவளுடைய கறுப்பு முகம். போட்டோ எடுக்கக் கூட்டம் முண்டியடித்தது. தாய்மாமன் மட்டும் சீர்த்தட்டோடு ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போதும் சங்கராபுரம் போகிற வழியெல்லாம் அதே வெள்ளையில் முக்கியெடுத்த பிள்ளைகள் பேனர்களில் நிற்கிறார்கள். சொந்த முகத்தைத் திருப்பிக் கேட்க அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வழி மறித்து உட்காரத் தெரியுமோ என்று வண்டியின் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு பேனரையும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.