எலிகளுக்கு இட்ட சர்க்கரை

நான் பொய்யால் டாக்டர் பட்டம் பெற்றவன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒருவனின் பிழைப்பில் மண்ணைப் போட்டவன். இதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். தாமதித்தால் தைரியம் போய்விடும்.

எழுபதுகளில், திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம். எண்ணெய் காறிப்போகிறதே, அதுபோல் ஈரலின் கொழுப்பும் கெடும். நெல்லிக்காய்ப் பொடி அதைத் தடுக்கிறதா என்று எலிகளில் பார்ப்பதே என் ஆய்வு. சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு ஏறினால் கேடு. வெளுத்தால் பொடி வேலை செய்கிறது என்று பொருள்.

துவர்ப்பு பிடிக்காமல் எலிகள் பொடியைத் தொடவில்லை. எலிக்கூடத்தில் தீனி வைக்கும் பார்கவி சேச்சியிடம், பொடியில் கொஞ்சம் சர்க்கரை கலக்கும்படி மலையாளத்தில் சொன்னேன். அதே ஊரின் ஸ்ரீவராகத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கடையில் 'பஞ்சார' என்று கேட்டுச் சீனி வாங்கும் எனக்கு, அன்று மட்டும் 'சர்க்கரை' என்ற வீட்டுத் தமிழ்ச் சொல் வாயில் வந்துவிட்டது. மலையாளத்தில் சர்க்கர என்றால் வெல்லம்! அவர் வெல்லத்தைத் தட்டிக் கலந்தார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குழாய்கள் வெளுத்தன. பேராசிரியர் என் தோளைத் தட்டினார்.

பிறகு சேச்சி வேறு பிரிவுக்குப் போனார். தற்காலிக வேலைக்கு நாங்குநேரிக்காரன் சுடலைமுத்து வந்தான். அவனிடமும் சர்க்கரை என்றுதான் சொன்னேன்; தமிழன் அவன், வெள்ளைச் சீனியையே கலந்தான். மறு சோதனையில் எல்லாக் குழாய்களும் சிவந்தன!

பதறிப்போய் சேச்சியைத் தேடிப் போனேன்.

"சார் சர்க்கரன்னல்லே பறஞ்ஞது? பஞ்சாரன்னு பறஞ்ஞில்லல்லோ!" என்று சிரித்தார். பஞ்சார என்று நான் சொல்லவில்லைதானே!

என் வெற்றி நெல்லியுடையதா, வெல்லத்துடையதா... இன்றுவரை எனக்குத் தெரியாது.

முடிவு ஏன் மாறியது என்று கேட்க, அன்று மாலையே பேராசிரியர் என்னையும் சுடலைமுத்துவையும் அழைத்தார்.

"சார் சொன்ன சர்க்கரையத்தான்யா போட்டேன். ஒரு நாளும் பெசகல," என்று சுடலைமுத்து என்னைப் பார்த்தான்.

ஒரு வார்த்தை போதும்... உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் ஆய்வேடு இரண்டு வருடம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னதோ, "இவன் தீனியைச் சரியாகக் கலக்கவில்லை." மறுநாள் அவனுக்கு வேலை இல்லை.

நான் நினைத்ததை நினைத்தபடியே செய்தவன் அவன் ஒருவன்தான்! எவ்வளவு கேவலமானவன் நான்!

முதல் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு, ஆய்வேட்டில் 'இனிப்பூட்டிய தீனி' என்று எழுதினேன். என்ன இனிப்பு என்று யாரும் கேட்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, தம்பானூரில் ஓர் ஓட்டலில் சாயா போடும் வேலையில் அவனைப் பார்த்தேன். முகம் மலர ஓடி வந்தான்.

"டாக்டராயிட்டீயளாமே சார்! எங் கைராசிதான் அப்ப ஒங்களுக்குச் சரிப்படல..." என்றான்.

அவன் என்னைக் கோபித்திருக்கக் கூடாதா?

சாயாவை அவனே கலக்கிக் கொண்டுவந்து வைத்தான். நான் ஒரு வாய் குடிக்கும்வரை காத்து நின்றான்.

"சர்க்கரை சரியா இருக்கா சார்?"

"சரியாகத்தான் இருக்கிறது, சுடலைமுத்து."

இதைத்தானே நான் அன்று பேராசிரியரிடம் சொல்லியிருக்க வேண்டும்...