முழந்தாளிடாத மாஸ்டர்

ஒருவனை நாலு பேர் 'மாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவன் தும்முவதற்குக்கூட யோசிக்க வேண்டும். அம்பிட்டிய மத்தியூவுக்கு வந்த வினையும் அதுதான்.

கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. பல வருடமாக அங்கே மத்தியூதான் மாஸ்டர். ஆள் குள்ளம்தான். ஆனால் கடைக்குச் சீமெந்து மூட்டை சுமக்கிறவர்களே படியில் அவரைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்பிட்டிய மாதா கோயிலிலும் அவர் மாஸ்டர்தான். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் மரச்சிலுவையை யார் தூக்குவது என்ற கேள்வியே அந்தப் பங்கில் எழுவதில்லை. "அதான் மாஸ்டர் இருக்காருல்ல" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

ஜிம்மில் புதிதாக யார் சேர்ந்தாலும், உட்கார்ந்தபடியே பாரத்தைக் காலால் நீட்டித் தூக்கும் மெஷினுக்கு முன்னால் நிறுத்திவைத்து அவர் ஒரு பிரசங்கம் செய்வார். பையன்கள் அதை லெக் எக்ஸ்டென்ஷன் என்பார்கள். மத்தியூவுக்கு அது கால் மெஷின்.

"முதுகு பலகையில ஒட்டியிருக்கணும். மெஷின் திரும்புற போல்ட் இந்தா இருக்கு பாருங்க, முட்டி அதுக்கு நேரா வரணும். உருளை பாதத்துல இல்ல, கணுக்காலுக்கு மேல. ஒதறித் தூக்காதீங்க. மெல்லத் தூக்கி, அதைவிட மெல்ல எறக்குங்க. மேல போயி டக்குனு பூட்டாதீங்க. தொடை எரியலாம், முட்டி வலிக்கக் கூடாது. வலிச்சிச்சா, அன்னைக்கு எழும்பி வீட்டுக்குப் போயிருங்க."

கேட்டு நடந்தவர்களின் முட்டியெல்லாம் சௌக்கியமாகத்தான் இருந்தது. கெட்டது பிரசங்கியாரின் முட்டி.

அந்த மெஷின், ஏதோ ஒரு பெரிய ஹோட்டல் கழித்துவிட்டதை வாங்கிக்கொண்டு வந்தது. நெட்டை மனிதர்களுக்கென்று செய்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்தால் மத்தியூவின் முட்டி போல்ட்டுக்கு எட்டாது. அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னத் தலைகாணியை வைத்துக்கொள்வார். அதோடு எல்லாம் சரியாகிவிடும். ஆனால் எதிர்ப்பக்கம் ஏசி போட்ட புது ஜிம் ஒன்று திறந்தார்கள். இங்கே வந்துகொண்டிருந்த பையன்கள் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள். முதலாளி நிரோஷன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான்.

"மாஸ்டர், இருக்கிற வெயிட் அத்தனையையும் போட்டு நீங்க தூக்குங்க. வீடியோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டா சனம் தன்னால வரும்" என்றான் நிரோஷன்.

"தூக்கலாம் முதலாளி, அந்தத் தலகாணிய எடுத்துக் குடுங்க."

"தலகாணி வச்ச மாஸ்டரா? பாக்கிறவன் சிரிப்பான். சும்மா உக்காருங்க."

மத்தியூ சும்மா உட்கார்ந்தார். பாரம் அசையவில்லை. பையன்கள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் உதறு உதறினார். பாரம் மேலே போனது. வலது முட்டிக்குள்ளே எதுவோ டக்கென்றது. அவர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்திக் காட்டினார், வேறு என்ன செய்வது?

வீடியோ ஓகோ என்று ஓடியது. சனம் வந்தது. படித் திருப்பத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர் தொங்கியது: 'இரும்புக்கால் மாஸ்டர்'. அந்தப் பேனரைத் தாண்டித்தான் மத்தியூ தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறினார். யாராவது வரும் சத்தம் கேட்டால் நின்று போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். அந்த நாட்களில் நிரோஷன் மேலே வருவது குறைந்திருந்தது. எது சொல்வதென்றாலும் கீழே கடை வாசலில் நின்று போனில் சொன்னான். அதுவும் நல்லதுக்குத்தான் என்று மத்தியூ நினைத்துக்கொண்டார். முதலாளியின் கண்ணில் படாமல் இருக்கலாம் அல்லவா?

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரும்புக்கால் மாஸ்டர் எக்ஸ்ரே எடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தால் கண்டிக்கே தெரிந்துவிடாதா? பிறகு யார் அவரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வார்கள்? மத்தியூ தனக்குத் தானே வைத்தியம் செய்துகொண்டார். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று எவனோ சொல்லிவைத்ததைப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் வந்தவர்கள் போய் ஜிம் காலியான நேரத்தில் அதே மெஷினில் உட்கார்ந்து, வலிக்க வலிக்கப் பாரத்தை ஏற்றினார். அவருடைய பிரசங்கத்தை அவரே கேட்கவில்லை. முட்டி வீங்கிக்கொண்டே போனது.

அதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. கோயிலில் மத்தியூவால் முழந்தாளிட முடியவில்லை. பூசையில் பாதர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது சனமெல்லாம் மண்டியிட, அவர் மட்டும் பின்னால் தூணோடு ஒட்டி நின்றார். அங்கே இன்னும் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியடியில் முழந்தாளிட்டுத்தான் நற்கருணை அப்பத்தை, அவர்கள் சொல்வதுபோல் நன்மையை, வாங்குவார்கள். அதனால் நன்மை வாங்கவும் போகவில்லை.

முழந்தாளிடாமல், நன்மையும் வாங்காமல் ஒரு மனிதன் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றால் கத்தோலிக்கச் சனம் முட்டியையா நினைக்கும்? நன்மை வாங்கத் தடையான சாவான பாவம் என்றுதான் நினைக்கும். அவருடைய மனைவி மரியகொறற்றியும் அப்படித்தான் நினைத்தாள். ஆம்பிளைக்குச் சாவான பாவம் என்றால் வேறென்ன, பொம்பிளைதான். பாடகர் குழுவில் பாடும் றேணுகா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜிம்முக்குப் போகிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். இரவெல்லாம் அழுதாள். பிறகு தன் அக்காவிடம், "ஒங்கிட்ட மட்டுந்தாங்கா சொல்றேன்" என்று சொல்லிவைத்தாள். அந்த அக்காவிடம் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான்.

கொறற்றி டவுனில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வாரம், ஒரு மத்தியானம் தலையிடி என்று சொல்லிவிட்டு ஜிம் படியேறினாள். பேனரில் சிரித்துக்கொண்டிருந்த புருஷனை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

உள்ளே வேறு யாரும் இல்லை. கால் மெஷினில் மத்தியூ உட்கார்ந்திருந்தார். வலது கால் பாதி நீண்டபடி அப்படியே நின்றது. முகத்தில் வேர்வை ஊற்றியது. பாடகர் குழுப் பெண்ணைத் தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவளைக் கண்டதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "றேணுகா அப்பவே போயிட்டா."

அட மனுஷா! வாயை மூடிக்கொண்டு இருந்தாலாவது தப்பித்திருப்பார்.

"நான் அவளக் கேக்கவே இல்லியே. எழும்புங்க, வீட்டுக்குப் போவோம்."

"எழும்ப முடியாது கொறற்றி."

"ஏன், அவ வந்து கையப் பிடிச்சுத் தூக்கணுமோ?"

"மாதா சத்தியமா முடியல. முட்டி பூட்டிக்கிச்சு. நீட்டவும் முடியல, மடக்கவும் முடியல. இந்தக் கம்பி காலப் போட்டு அமுக்குது. எவ்வளவு நேரமா இப்பிடியே இருக்கேன்னு தெரியுமா? கொஞ்சம் தூக்கேன், தாயே."

அவள் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, உருளைக்கு அடியில் தோளைக் கொடுத்து முக்கித் தூக்கினாள். அவர் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக் காலை வெளியே இழுத்தார். பாரம் தடாரென்று விழுந்தது. களிசானைச் சுருட்டிப் பார்த்தாள். முட்டி பேக்கரிப் பணிஸ் மாதிரி ஊதிக் கிடந்தது.

"அப்ப பூசையில தூணுக்குப் பின்னால நிக்கிறது?"

"முட்டி."

"நன்மை வாங்காதது?"

"முட்டிதான்."

"றேணுகா?"

"அவளுக்கு என்ன? அவ முட்டி நல்லாத்தான் இருக்கு. நாஞ் சொன்ன மாதிரியே செய்யிறா."

கொறற்றிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அவருடைய தோளில் இரண்டு குத்துக் குத்தினாள். "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே! நான் அக்காகிட்டச் சொல்லித் தொலச்சிட்டேனே!"

விஷயத்தைக் கேட்டு மத்தியூ தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனாலும், "ஊர் என்ன வேணும்னாலும் பேசட்டும், முட்டி போச்சுன்னு மட்டும் வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா அடுத்த மாசம் அந்தப் பேனர்ல வேறொருத்தன் இருப்பான்" என்றார்.

"அந்தப் புள்ள பேரு நாறுதே?"

அவர் சுருட்டிய களிசானைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவரைச் சும்மா திட்டிப் பயனில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். இந்த வருடம் சிலுவை தூக்க மாட்டேன் என்றால், பாவம் உண்மை என்று ஊர் முடிவு கட்டிவிடும். தூக்கினாலோ முழந்தாளிட வேண்டும். அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் சிலுவை தூக்குகிறவர் முதலில் மண்டியிட வேண்டும். அவரைப் பார்த்துத்தான் சனம் மண்டியிடும். பதினான்கு நிலையும் இப்படித்தான், அதுவும் அம்பிட்டிய ஏற்றத்தில். கொறற்றி காய்ச்சிய எண்ணெயை முட்டியில் தேய்த்துத் தேய்த்து, "ஒரு தடவ மடங்கிருச்சுன்னா போதும் ஆண்டவரே" என்று வேண்டிக்கொண்டாள். மடங்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியூ வெள்ளைச் சட்டையோடு சிலுவையைத் தோளில் வாங்கினார். தோளுக்கு ஒரு குறையும் இல்லை. பாதர் முன்னால் போக, பாடகர் குழு பின்னால் வந்தது. முதலாளி நிரோஷனும் சனத்தோடு சனமாக முன்வரிசையில் நின்றான். முதல் நிலை, ரோடு வளையும் இடத்தில், ஒரு வீட்டு மதிலோரம். பாதர் வாசித்து முடித்து, "முழந்தாளிடுவோம்" என்றார்.

மத்தியூ நின்றார்.

சனம் காத்திருந்தது. பாதர் திரும்பிப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். மத்தியூ இடது காலை மடக்கிப் பார்த்தார். வலது கால் கட்டையாக நின்றது. சிலுவை தடுமாறியது. நெற்றியில் வேர்வை அரும்பியது. பின்னால் ஒரு கிழவி சன்னமாக, "பாவம் இருந்தா சிலுவ கனக்குமாம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அத்தனை தலையும் பாடகர் குழுவின் பக்கம் திரும்பியது. றேணுகா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்குவதை மத்தியூ பார்த்தார். அந்தப் பிள்ளை செய்த ஒரே குற்றம், அவர் சொன்னபடி மெல்லத் தூக்கி மெல்ல இறக்கியது.

நிரோஷனையும் பார்த்தார். பேனரும் அவருக்கு ஞாபகம் வந்தது. பிறகு வாயைத் திறந்தார்.

"பாவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! என் முட்டி போச்சு. அந்த வீடியோவுக்காக மெஷின்ல ஒதறித் தூக்கிக் கெடுத்துக்கிட்டேன். வேல போயிரும்னு பயந்து மூடி மறைச்சேன். அந்தப் புள்ளைய ஒருத்தரும் பாக்காதீங்க. என்னையப் பாருங்க. எனக்கு முழந்தாள் போட முடியாது, பாதர்."

பாதர் கையிலிருந்த புத்தகத்தைத் தாழ்த்தினார். அப்போது பெண்கள் வரிசையிலிருந்து கொறற்றி விறுவிறுவென்று வந்தாள். றேணுகாவின் முன்னால் நின்று, "என்னைய மன்னிச்சிரும்மா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அப்படியே நடந்து வந்து சிலுவைக்கு முன்னால் தார் ரோட்டில் மண்டியிட்டாள்.

"அவருக்குப் பதிலா நான் போடுறேன் பாதர். நீங்க செபத்தச் சொல்லுங்க."

அவளைப் பார்த்துச் சனம் மண்டியிட்டது. செபம் முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். முன்வரிசையில் ஒரே ஓர் ஆள் மட்டும் எழவில்லை. நிரோஷன் ஒரு கையை ரோட்டில் ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். பக்தி முற்றிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

மத்தியூ சிலுவையின் வாலை அவன் பக்கம் நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு அவன் முனகி முனகி எழுந்தான்.

"ஒங்க வீடியோ ஓடினத பாத்துட்டு நானும் ஃபுல் வெயிட் போட்டுப் பாத்தேன் மாஸ்டர்" என்று காதோரம் சொன்னான். "அதுக்கப்புறம் மாடி ஏறவே முடியல."

"தலகாணி வச்சீங்களா?"

"இல்ல."

"மடையா" என்றார் மத்தியூ. முதலாளியை அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நிரோஷன் தலையாட்டினான்.

பாதர் அடுத்த பாட்டைத் தொடங்கச் சொன்னார். றேணுகாவின் குரல்தான் முதலில் எழுந்தது. கொறற்றி சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் புருஷனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். நிரோஷன் சிலுவையின் வாலை விடவில்லை. இன்னும் பதின்மூன்று நிலைகள் இருந்தன, அத்தனையும் ஏற்றம்.