மூன்று அங்குலம் உயர்ந்த ஜீப்

டாலிகஞ்சில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஜீப்பைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், இது ஏன் இவ்வளவு உயரம் என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு புண்ணியவான், "ஸ்டைலுக்கா சார்?" என்றே கேட்டுவிட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரிட்டயர் ஆகப்போகிற வயதில் எனக்கு என்ன ஸ்டைல் வேண்டிக்கிடக்கிறது? "ஆமாம்ப்பா, பொண்ணு பாக்கப் போறேன்" என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே சமையலறையில் என் மனைவி சிரிப்பது கேட்டது. ஜீப்பைத் தூக்கச் சொன்னதே அவள்தான்.

அவள் எங்கள் தீவுகளின் வடகோடியில் இருக்கும் திக்லிபூரில் பிறந்து வளர்ந்தவள். ராமநாதபுரத்திலிருந்து வந்த அவள் அப்பா அங்கே பாக்குத் தோட்டம் போட்டு, ஊர்ப் பேச்சையும் கூடவே வைத்துக்கொண்டார். மெயின் ரோட்டை விட்டு இறங்கி, மண் பாதையில் போய், ஒரு ஆற்றைத் தாண்டினால் தோட்டம். ஆறு என்பது பெரிய வார்த்தை. வெயில் காலத்தில் அதைக் கோழி தாண்டிவிடும். ஆடி மழையில்தான் அதன் சுயரூபம் தெரியும்.

அப்படி ஒரு ஆடியில்தான் என் மாமியார் இறந்துபோனார். சாயங்காலம் போன் வந்தது. மறுநாள் விடியற்காலை முதல் கான்வாயில் வரிசையாக வண்டிகளோடு காட்டைக் கடந்து, ஜீப்பை ஃபெர்ரியில் ஏற்றி இறக்கி, விடாத மழையில் ஓட்டிக்கொண்டு போனேன். நாலு மணி சுமாருக்கு ஆற்றங்கரைக்கு வந்தோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. போய்விடலாம் என்று கணக்குப் போட்டு இறக்கினேன். நடு ஆற்றில், வண்டியின் அடிப்பக்கம் ஒரு பாறையில் குந்திக்கொண்டது. நாலு சக்கரமும் சும்மா சுற்றின.

அவள் சட்டென்று இறங்கிவிட்டாள். இடுப்பளவு தண்ணீர். இரண்டு எட்டு வைப்பதற்குள் கால் வழுக்கியது. நான் பாய்ந்து கையைப் பிடித்து வண்டிக்குள் இழுத்துப் போட்டேன். "விடுங்க, நான் நடந்தே போயிர்றேன்" என்று கத்தினாள். நான் விடவில்லை. டிராக்டர் வந்து எங்களை இழுத்துக் கரையேற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. வீட்டுக்குப் போனபோது வாசல் கழுவி விட்டிருந்தார்கள். மழை விடாது, இருட்டிவிடும் என்று எடுத்துவிட்டார்களாம். யாரையும் குறை சொல்ல முடியாது.

ஊர் திரும்பி ரொம்ப நாள் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "ஒங்க வண்டியும் ஒங்கள மாதிரியேதான். வயிறு தரையில தட்டுது" என்றாள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். "அடுத்த ஆடியில அம்மா திதிக்கு நான் அந்த ஆத்தத் தாண்டி வீட்டுக்குப் போகணும். வண்டியத் தூக்குங்க" என்றாள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய ஜீப்பே வாங்கலாம். அதனால் நாங்களே தூக்குவது என்று முடிவானது. நாங்கள் என்றால் நானும் அவளும்தான். ஓட்டை லாரியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஸ்பிரிங் பட்டைகளைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, அளவுக்கு வெட்டி, ஜீப்பின் ஒவ்வொரு பட்டைக் கட்டிலும் ஒன்றைக் கூடுதலாகச் சொருகினோம். பட்டையைச் சட்டத்தோடு தொங்கவிடும் ஷேக்கிளை வெல்டிங் கடையில் நீளமாகச் செய்து வாங்கினேன். எல்லாம் சேர்ந்து மூன்று அங்குலம் கிடைத்தது.

டயர் மெயின்லேண்டிலிருந்து வந்தது. ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனவன், திரும்பும்போது பாதி தேய்ந்த ஏழரை சைஸ் டயர் நாலை லக்கேஜ் போட்டுக் கப்பலில் ஏற்றினேன். மூன்று நாளும் பங்க் கிளாஸ் முழுக்க ரப்பர் வாடை. எதிர் பங்க்கில் இருந்த பெங்காலிக் குடும்பம் முதல் நாள் மூக்கைப் பொத்தியது. மறுநாள் என் டயர் மேலேயே டிபன் கேரியரை வைத்துச் சாப்பிட்டது. வீட்டில் இறக்கினதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "சைஸ் என்னது, ஏழரையா? அதான் கல்யாணம் ஆன நாள்லேருந்து வீட்டுலயே இருக்கே!"

அந்த ஞாயிற்றுக்கிழமைகள்! இன்றைக்கு நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. பிள்ளைகள் படிக்க மெயின்லேண்ட் போய்விட்டார்கள், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் பழைய சட்டையை நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு அவள் ஜாக்கி அடிப்பாள். நான் தென்னங்கட்டையை அண்டை கொடுப்பேன். நட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டிருப்போம். மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் பழைய குழம்புதான், அதுவும் வண்டிக்குப் பக்கத்திலேயே. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசினதில்லை, அவ்வளவு சண்டை போட்டதும் இல்லை.

ஒரு ஞாயிறு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்திருந்தவள், "என்னங்க, இந்த ரப்பர் குழாய் விறைச்சுக்கிட்டு நிக்குதே, சரிதானா?" என்றாள். "ஒனக்கு என்ன தெரியும், டார்ச்ச ஒழுங்காப் புடி" என்று எரிந்து விழுந்தேன். அவள் டார்ச்சை மண்ணில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் ஷாதிபூரில் எனக்குத் தெரிந்த தெலுங்கு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அது பிரேக் ஆயில் போகிற குழாய். வண்டி உயர்ந்துவிட்டது, குழாய் பழைய நீளத்திலேயே இருக்கிறது. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அறுந்திருக்கும், பிரேக்கே இருந்திருக்காது. இதை என் மனைவி முதலிலேயே சொன்னாள் என்றேன். "பாபி டீக் போலா, பாயி. துமாரா திமாக் கஹான் தா?" என்றார். அண்ணி சொன்னது சரி, உன் புத்தி எங்கே போச்சு என்று கேட்டார். நீளமான குழாய் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நீ சொன்னதுதான் சரி" என்று ஒப்புக்கொண்டேன். "இத எழுதிக் குடுங்க, ஃபிரேம் போட்டு மாட்டணும்" என்றாள்.

டயர் மட்கார்டில் உரசியது. உரசின ஓரத்தை ரம்பத்தால் அறுத்து எறிந்தோம். ஆடிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வண்டி தயார். மாமனார் போனில், "பாலம் போடுறாக மாப்ள, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார். பத்து வருடமாக அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "அச்சா மாமா, அச்சா" என்று வைத்துவிட்டேன்.

திதிக்கு முந்தின நாள் புறப்பட்டோம். அதே மழை, அதே மண் பாதை. கடைசித் திருப்பம் திரும்பியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆற்றின் மேல் புத்தம் புதுசாகக் கான்கிரீட் பாலம் நின்றது. கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் கூட அடித்தாகிவிட்டது. அட பாவிகளா! பத்து வருஷம் போடாத பாலத்தை நான் வண்டியைத் தூக்கின வருஷமா போடுவீர்கள்? எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சரி, போய்ச் சேர்ந்தால் போதும் என்று பாலத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பினேன்.

அவள் ஸ்டியரிங்கில் கை வைத்தாள்.

"பாலத்துல வேணாங்க. ஆத்துல விடுங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். ஃபோர் வீல் போட்டு, பாலத்துக்குப் பக்கத்திலேயே பழைய தடத்தில் இறக்கினேன். போன வருடத்துக்குக் குறையாத தண்ணீர்தான். ஆனால் வண்டி தடுமாறாமல் போனது. அந்தப் பாறை அடியில் எங்கோ கிடந்தது, தட்டவே இல்லை. நடுவில் வந்ததும், "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினேன். அவள் வெளியே எட்டித் தண்ணீரைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாங்க இந்த ஆறு?" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா இறந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அவள் விடச் சொல்லவில்லை.

எஞ்சின் சத்தம் கேட்டுக் குடையோடு வந்த மாமனார், பாலத்தின் மேல் நின்று எங்களைப் பார்த்துப் பதறினார். "கண்ணு தெரியலையா மாப்ள? இம்புட்டுப் பெரிய பாலம் இருக்க, ஆத்துல எதுக்கு எறக்குனீக?"

நான் வாயைத் திறக்கும் முன் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினாள்.

"அன்னைக்குப் பாதியில நின்னுட்டேம்ப்பா. மிச்சத்த இன்னைக்கு வர்றேன்."

அவர் குடையைத் தாழ்த்திக்கொண்டார். நான் முதல் கியரைப் போட்டேன்.