மறைக்கச் செபித்தேன், பேச வைத்தார்

ஏழுமலை அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் மூச்சுவிட முடியாமல் கிடந்தார். அவருக்கு ஊசி போட்டவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றிப் பேச இப்போதும் கூசுகிறது. ஆனாலும் அன்பர்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

என் பெயர் ஆரோக்கியமேரி. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வீடு திண்டிவனத்துக்கு வெளியே. தெருவில் எனக்குப் பேரே "ஊசி சிஸ்டர்". மருந்துக்கடையில் வாங்கிய மருந்தோடு யாராவது வாசலில் நிற்பார்கள். நானும் போட்டு அனுப்புவேன். பெருமைதான், வேறென்ன! டூட்டி இல்லாத நாளிலும் ஊழியம் செய்கிறேன் என்று எனக்கு நானே பாராட்டுப் பத்திரம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எதிர்வீட்டு ஏழுமலை அண்ணன் காய்ச்சலோடு வந்தார். கூடவே அவர் மனைவி தனலட்சுமி அக்கா. கையில் போன வருடத்து மருந்துச் சீட்டும் புதுக் குப்பியும்.

"ஜல்தியா ஒண்ணு போட்டு வுடும்மா. மல்லாட்டை புடுங்க ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க" என்றார் அண்ணன். நிலக்கடலை பிடுங்கும் அவசரம் அவருக்கு.

போட்டேன். வார்டில் என்றால், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்காமல் ஊசியைத் தொடவே மாட்டேன். என் வீட்டு வாசலில் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தே நிமிடம். முகம் வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சில் விசில் சத்தம். அப்போதுதான் அக்கா அலறினார்: "போன தபா இந்த ஊசி போட்டப்பவும் அரிப்பு எடுத்துச்சும்மா!"

அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தேன். அந்த நேரத்துக்கு வேண்டிய மருந்து என்னிடம் இல்லை. 108-க்குப் போன் செய்து, மயக்கம் என்று மட்டும் சொன்னேன். ஊசி என்ற சொல் வாயில் வரவில்லை. காலிக் குப்பியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், என் முதல் செபம் இதுதான்: "ஆண்டவரே, இது யாருக்கும் தெரிய வேண்டாம்."

பிறகு அண்ணனின் உதடு நீலமாவதைப் பார்த்தேன். "மாதாவே, என் வேலை போனாலும் போகட்டும். இவர் பிழைக்க வேண்டும். வாய் திறக்க எனக்குத் தைரியம் வாங்கித் தாருமம்மா" என்று கதறினேன்.

பக்கத்தில் நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அதில் வந்த மருத்துவ உதவியாளர் தம்பி, என்ன ஆச்சு என்று கேட்டார். நான் பேசுவதற்குள் அக்கா என் கையை அழுத்தினார். "காய்ச்சல்ல மயக்கம் போட்டுட்டாருங்க" என்றார். புருஷன் சாகக் கிடக்கையில் அந்த மகராசி என் வேலையைக் காப்பாற்றப் பார்த்தார்! நான் தப்பித்துக்கொள்ள வழி அங்கேயே இருந்தது.

"நான்தான் ஊசி போட்டேன். நான் நர்ஸ். மருந்து இதுதான். இவருக்கு ஒத்துக்கலை" என்று சொல்லிக் குப்பியை நீட்டினேன். குரல் என்னுடையது. தைரியம் என்னுடையது இல்லை.

அந்தத் தம்பி உடனே மருந்துப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் ஊசியை அங்கேயே தொடையில் போட்டார். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் குறைந்தது. மருத்துவமனையில் டாக்டர் சொன்னார்: "உண்மையச் சொன்னீங்க, மனுஷன் பொழச்சாரு."

மறுநாள் விழுப்புரம் போய், நர்சிங் சூப்பரின்டெண்ட் மேடத்திடம் நானாகவே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

"யூனிஃபார்ம கழட்டிட்டா நர்ஸுங்கிற பொறுப்பும் கழண்டுடும்னு நெனச்சியா?" என்றார்.

விசாரணை நடந்தது. மூன்று மாதம் நோயாளி பக்கமே விடவில்லை. கருவிகள் கழுவும் இடத்தில் போட்டார்கள். அழுதேன். ஆனால் பயமில்லை. நான்காம் மாதம் என் வார்டு திரும்பக் கிடைத்தது. ஸ்தோத்திரம்!

இப்போது என் வீட்டில் யாருக்கும் ஊசி கிடையாது. யார் வந்தாலும் காது கொடுத்துக் கேட்பேன், டாக்டரிடம் கூடவே போவேன். சிஸ்டருக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று முதலில் தெருவே முறைத்தது.

போன வாரம் ஒருவர் குப்பியோடு வந்தார். நான் வெளியே வருவதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஏழுமலை அண்ணன் குரல் கொடுத்தார்.

"அத்த பையில வைப்பா. சிஸ்டரு ஊசி போட மாட்டாங்க, கூட ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. இரு, நான் வண்டிய எடுக்கிறேன்."

நிலைப்படியில் நின்று அழுதுவிட்டேன். அன்பர்களே, எதையாவது மறைக்கச் சொல்லிச் செபித்துக்கொண்டிருக்கிறீர்களா? அந்தச் செபத்தை இன்றே நிறுத்துங்கள். உண்மையைப் பேச வாய் கேளுங்கள். கட்டாயம் தருவார். எதிர்வீட்டில் அண்ணன் குரல் கேட்கும்போதெல்லாம் அதற்கு நான் சாட்சி.