ஞானமுத்து சாரின் உப்பில்லாத வெஞ்சனம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளையில் பியூன் சுற்றறிக்கை நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நம் பள்ளியில் நெடுங்காலம் அறிவியல் கற்பித்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற திரு. ஞானமுத்து, முந்தின நாள் விஸ்வநத்தத்தில் தம் தங்கை வீட்டில் காலமானார் என்று மூன்று வரி எழுதியிருந்தது. படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முன்பே ஒன்பது பேர் போட்டிருந்தார்கள். மதியம் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது என் காதில் விழுந்த முதல் பேச்சு, அரைநாள் விடுமுறை உண்டா இல்லையா என்பது.

இரங்கல் கூட்டத்தில் ஏழு பேர் பேசினார்கள். என்னை அழைக்கவில்லை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவரைத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்த நாளிலிருந்து நான் இங்கே மேடைக்கு வேண்டாதவன். அதை வளர்த்த விரும்பவில்லை. ஆனால் எளிமை, பொறுமை, பண்பு என்று அந்த ஏழு பேரும் சொன்ன எதிலும் நான் அறிந்த ஞானமுத்து சார் இல்லை. அவர் தினமும் சமைத்தார் என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறைத்துவைக்க வேண்டிய குறை என்று நினைத்தார்களோ என்னவோ. அதனால்தான் இந்தப் பழைய மாணவர் மலருக்கு எழுதக் கேட்டதும் ஒப்புக்கொண்டேன்.

அவருடைய மூன்றடுக்குக் கேரியரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாங்கள் எல்லாரும் தூக்குச்சட்டியில் குழம்பை ஊற்றிப் பிசைந்த சோறு கொண்டுவருவோம். அவருக்கு ஓர் அடுக்கில் சோறு, மற்ற இரண்டிலும் வெஞ்சனம். புடலங்காய்ப் பொரியல், பீர்க்கங்காய்க் கூட்டு, வாழைத்தண்டுப் பச்சடி, எள்ளுத் துவையல் என்று நாளுக்கு நாள் மாறும். எண்ணெய் மினுமினுப்பு இருக்காது. மணம் மட்டும் அறையை நிறைக்கும். ஐம்பது வயதை நெருங்கிய, கல்யாணம் ஆகாத மனிதர், தாமே ஆய்ந்து, நறுக்கி, தாளித்துக் கொண்டுவருகிறார் என்பது எங்களுக்குப் பெரிய வேடிக்கை.

"என்ன சார், இன்னைக்கு என்ன வெஞ்சனம்? பொண்ணு பாக்க வரலாமா?" என்று கேட்பார் தமிழாசிரியர்.

"தாராளமா வாங்க. பாத்திரம் வெளக்குறது மட்டும் மாப்பிள்ளை வீட்டு வேலை."

எல்லாரும் சிரிப்போம். 'வெஞ்சன வாத்தியார்' என்ற பெயர் பையன்கள் வைத்ததென்று இரங்கல் கூட்டம் கலையும்போது ஒருவர் சொன்னார். பையன்கள் வைக்கவில்லை. நான் வைத்தேன்.

ஒருநாள் நானே அவரிடம், "ஒத்தை ஆளுக்கு எதுக்கு சார் ரெண்டு வெஞ்சனம்?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டார். "குழம்பு வீட்டுக்கு வைக்கிறது சார். வெஞ்சனம் ஆளுக்கு வைக்கிறது. யாருக்கு என்ன சேரும், யாருக்கு எது சேராதுன்னு பாத்து வைக்கணும்." அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. கடைசி மூன்று ஆண்டுகள் அந்த அம்மாளுக்கு உப்பில்லாமல் ஆக்கிப் போட்டது இவர்தான். அப்படிப் பழகிய கை அது. எனக்கு இது அன்றே தெரியும். தெரிந்தும் அந்தப் பெயரை விடவில்லை.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஐப்பசியில் என் மனைவி பார்வதிக்குக் கால் வீங்கியது. பிறகு முகமும் வீங்கியது. காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் இமைகளை விரலால் விலக்கிப் பார்ப்பாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, சிறுநீரகம் என்றார். மருந்து கொடுத்தார். ஒரு கல் உப்பு உள்ளே போகக் கூடாது என்றார். "ரெண்டு வாரம் பாக்கலாம். வடியலைன்னா மதுரைக்குக் கொண்டுபோயிருங்க. அங்க போனாலும் நான் உறுதி சொல்ல மாட்டேன்." மூத்த பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது, இளையவளுக்கு இரண்டு.

பார்வதியின் அண்ணன்மாரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் அவர்களுக்குச் சொல்லவில்லை. காரியாபட்டியிலிருந்து என் அக்கா வந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டாள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் பரணுக்குப் போயின. பருப்பும் கீரையும் காயும் உப்பில்லாமல் வெந்தன. பார்வதி முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். ஒரு வாரம் கழிந்தது. வீக்கம் இம்மியும் குறையவில்லை. விரலால் அழுத்தினால் கணுக்காலில் குழி விழுந்தது, அது மேடேற வெகுநேரம் ஆனது.

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. ஆள் இல்லாத நேரத்தில் இவள் உப்பு எடுத்துத் தின்கிறாள். அக்காவும், "நாக்கு செத்துப் போச்சுன்னு நேத்துகூடச் சொன்னா தம்பி" என்றாள். உப்பு ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அப்படியும் வடியவில்லை. பத்தாம் நாள் காலை அக்கா முன்னால், குழந்தைகள் முன்னால், பார்வதியைக் கேட்டேன். "பக்கத்து வீட்டுல வாங்கித் திங்கிறியா? திருடித் தின்னுதான் சாகணுமா?"

அவள் அழவில்லை. "சத்தியமா இல்ல" என்றாள். நான் நம்பவில்லை. "அப்ப எனக்குச் சோறே வேண்டாம். பட்டினி கெடந்தும் வீங்குனா அப்பவாவது தெரியுதான்னு பாப்போம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அன்று முழுக்கத் தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் இறங்கவில்லை. மறுநாளும் அப்படியே. குழந்தைகள் வாசலில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சொன்ன கெடுவுக்கு மூன்று நாள் இருந்தது.

அந்த மறுநாள் நான் மதியச் சாப்பாடு இல்லாமல் பள்ளிக்கு வந்திருந்தேன். தீபாவளிக்குப் பட்டாசு லோடு போய்க்கொண்டிருந்த சமயம், பாதிப் பையன்கள் அந்த வேலைக்குப் போயிருந்தார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும். ஞானமுத்து சார் தம் கேரியரை என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன். இரக்கம் தேடிச் சொல்லவில்லை, எரிச்சலில் சொன்னேன்.

"உப்பு எடுத்ததை நீங்க பாத்தீகளா?"

"இல்ல."

"அக்கா பாத்தாகளா?"

"இல்ல. வேற எப்படி சார் வீங்கும்?"

அவர் கேரியரை மூடினார். கடைசிப் பாடவேளை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார். நான் அழைக்கவில்லை.

வீட்டில் பார்வதி தொடாமல் வைத்திருந்த தட்டு அப்படியே இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். "கீரை என்ன இம்புட்டுப் பச்சையா இருக்கு? அக்கா, அடுப்படிக்குள்ள வரலாமா?"

அவர் கிறிஸ்தவர் என்று அக்காவுக்குத் தெரியும். நிலைப்படியை மறித்து நின்றாள். "வேதக்காரவுக அடுப்படிக்குள்ள எதுக்கு?"

உள்ளேயிருந்து பார்வதியின் குரல் வந்தது. இரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு. "வரட்டும் மதினி."

அவர் உள்ளே போய் அடுப்பருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பருப்பு எந்தத் தண்ணியில வேகுது?"

"கெணத்துத் தண்ணியிலதான். வேற என்ன இருக்கு இந்த ஊர்ல?"

"அந்தத் தண்ணியில பருப்பு வேகாதே."

"சும்மா வேகுமா? ஒரு கிள்ளு ஆப்பசோடா போட்டாத்தான் வேகும். கீரைக்கும் போடுவோம், பச்சை மாறாம இருக்கும். ஊரே போடுது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தினமும் பார்த்ததுதான். உறைக்கவில்லை. எங்கள் தெருக் கிணற்று நீரில் துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். சோடா போடாத வீடே கிடையாது. அதை யாரும் உப்பென்று நினைத்ததும் இல்லை.

"வீங்க வைக்கிற சரக்கு உப்புல இருக்கிற மாதிரியே ஆப்பசோடாவுலயும் இருக்கு அக்கா."

"சோடாவுக்கும் உப்புக்கும் என்ன உறவு? சித்தப்பன் மகனா?"

"ஒரே வயித்துப் பிள்ளைக."

அக்கா அடுப்பை விட்டு விலகி நின்றாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். சோடா டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். சமையலுக்கும் இனிக் கிணற்று நீர் வேண்டாம், வண்டியில் வாங்கும் குடிதண்ணீர்தான் என்றார். துவரையை விட்டுவிட்டு, பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, பீர்க்கங்காயோடு வேகவைத்தார். தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்த்தார். புடலங்காயை மெல்லியதாக அரிந்து, ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்து, மூடி போட்டு அதன் நீரிலேயே வேகவிட்டார். இறக்கும்போது மிளகுப்பொடி. அடுப்பை விட்டு எடுத்தபின் அரை எலுமிச்சம்பழச் சாறு. "கொதிக்கிறப்ப பிழிஞ்சா கசந்துரும். புளிப்பும் காரமும் கடைசியில மேலா இருந்தா நாக்கு உப்பைத் தேடாது" என்றார். மொத்தம் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தட்டைக் கொண்டுபோய்ப் பார்வதியின் பக்கத்தில் வைத்தார். அவள் தட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நான் சோடா டப்பாவை உப்பு ஜாடியோடு வைக்க அலமாரியைத் திறந்தேன்.

"தங்கச்சி, நீங்க உப்பு எடுக்கலை. அது இந்த வீட்டுல எல்லாருக்கும் இப்பத் தெரியும். சாப்பிடுங்க" என்றார் ஞானமுத்து சார்.

அவள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வாசலில் குடையை விரித்தபடி அவர் என்னிடம், "சார், அவுககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார்.

"என்ன வார்த்தை?"

"தெரியாத மாதிரி கேக்குறீக."

"இது என் வீடு சார். இதுல தலையிடாதீக" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கி நடந்தார்.

கெடுநாள் அன்று கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. டாக்டர் மதுரைப் பேச்சை எடுக்கவில்லை. மாதம் முடிவதற்குள் முகம் பழைய முகமாகியது. அந்த மாதம் முழுவதும் அவர் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் இரண்டு வெஞ்சனத்தை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். மாணவர் விடுதிப் பொறுப்புக்காக நான் விடிந்ததும் கிளம்பிவிடுவேன். நான் போன பிறகுதான் வருவார். அதையும் நான் குற்றமாக எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்தோம். பாடவேளை அட்டவணைக்கு வேண்டியதைத் தவிர அவரோடு நான் பேசவில்லை. அவர் எனக்கு நன்மை செய்தார். நான் குறுகி நின்றதையும் அவர் பார்த்துவிட்டார். இரண்டாவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றவர்கள் அவரைக் கேலி செய்தபோது நான் சிரிப்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான். "விடுங்கய்யா" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஏழு பேரைக் குறை சொல்லிக்கொண்டு தொடங்கினேன். எட்டாவது ஆளும் அவர்களுக்கு மேலானவன் இல்லை.

அடக்கத்துக்கு நானும் பார்வதியும் விஸ்வநத்தம் போய் வந்தோம். திரும்பி வந்ததும் அவள் புடவைகூட மாற்றாமல் முறத்தை எடுத்துவைத்துக் கீரை ஆயத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்தபடியே சொன்னாள்.

"அந்த மாசம் ஒருநாள் வெஞ்சனம் வைக்க வந்தப்ப, 'சார் ஒங்களை நம்பாததுக்கு அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன் தங்கச்சி'ன்னாக."

"நீ என்ன சொன்ன?"

"அதை நீங்க கேக்கக் கூடாதுண்ணே, கேக்க வேண்டியவுக கேக்கட்டும்னேன். சரி, கேப்பாருன்னு சொல்லிட்டுப் போனாக."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இறந்த மனிதர்மேல், அவரைப் புதைத்துவிட்டு வந்த மாலையில். என் வேலையை அவர் எதற்குச் செய்யப் பார்த்தார் என்ற கோபம். அது அடங்கும்வரை அடுப்படியில் நின்றேன். பிறகு அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு பார்வதி" என்றேன்.

அவள் கையிலிருந்த தண்டை ஆய்ந்து முடித்தாள். "இதைச் சொல்ல ஒரு ஆளு சாகணுமாக்கும்" என்றாள்.

அவருடைய கைப்பக்குவத்தை வைத்திருப்பவள் பார்வதி. நல்ல தண்ணீர், வறுத்த பாசிப்பருப்பு, இறக்கியபின் எலுமிச்சை எல்லாம் இன்றும் எங்கள் அடுப்பில் அவர் சொன்னபடியே நடக்கின்றன. என் பங்குக்கு ஞானமுத்து சாரிடமிருந்து வந்து சேர்ந்தது, இதைச் சொல்ல ஒரு ஆள் சாக வேண்டுமா என்று அவள் கேட்ட அந்தக் கேள்வி. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.