காப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகன் போன் செய்தபோது, உத்திரமேரூரில் என் மருந்துக்கடையைத் திறந்துகொண்டிருந்தேன். பல வருடம் தாக்குப்பிடித்த கல்லீரல் கடைசியில் கைவிட்டுவிட்டது. பாதி ஏற்றிய ஷட்டரை இறக்கிவிட்டு எங்கள் ஊரான காவாந்தண்டலத்துக்குக் கிளம்பினேன். அழுதேன், ஒளிப்பானேன்? ஆனால் அங்கே கூடியிருந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசப் பேச, சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அவரை அறிந்த உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

கல்லீரல் கெட்டு, அதனால் மண்ணீரல் வீங்கி, ரத்த அணுக்களை அதுவே அழிக்கத் தொடங்கியபோது சென்னையில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. முழுவதும் எடுத்தால் கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும் என்று டாக்டர்கள் ஒரு பகுதியை விட்டுவைத்தார்கள். தடுப்பூசிகளும் போட்டு, "இருந்தாலும் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்" என்று எச்சரித்து அனுப்பினார்கள். விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "மண்ணீரல்தான் பாதி கீது. ஆளு முழுசா கீறேன். வா, நாஷ்டா துன்னு."

கடைக்கு வந்தால் என்னை வம்புக்கு இழுக்காமல் போகமாட்டார். நான் அவர் சட்டைப் பையில் திணித்த தெர்மாமீட்டரைத் தட்டிக் காட்டி, "அவனவன் பேனா வெச்சிக்கினு பெரிய மனுசனா போறான். எனக்கு இத்தக் குடுத்துட்டியே, தங்கச்சி" என்பார்.

ஓர் ஆடித் திருவிழா. அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு முன்னின்று நடத்தியவர் அவர்தான். கையில் அந்த மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், அவிழ்க்கும்வரை ராத்திரி ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. ஊரே கறி, மீன் தொடாது. கூழ் ஊற்றும் அன்று காலை அவருக்கு உடம்பு நடுங்கியது. தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது.

"கெளம்புண்ணே" என்றேன்.

பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "காப்பு கட்டிக்கினு எப்பிடிம்மா போறது? ஆத்தா குத்தமாயிடும். ஒரு மாத்திரை குடு, சாயங்காலம் பாத்துக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம்! "சாயங்காலம் பாக்கிறதுக்கு ஆளு இருக்கணுமில்ல?" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆத்தா, ஒன்னாண்ட சொல்லிட்டுத்தான் போறேன். இதுக்கெல்லாம் ஊர் மேல கோச்சிக்கிறவ இல்ல நீ." கட்டிய கயிறோடு காரில் ஏறினார்.

ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டர். கண் திறந்த அண்ணனுக்கோ வேறு கவலை. "இந்நேரம் ஊர்ல காப்ப அவுத்திருப்பாங்க. நான் பாதியில வுட்டுட்டு வந்தவனாயிட்டேனே, தங்கச்சி."

குணமாகி ஊர் திரும்பியபோது பார்த்தால், ஒருவர்கூடக் காப்பை அவிழ்க்கவில்லை! முடிய வேண்டிய திருவிழாவை அவருக்காக நீட்டித்துவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட எல்லா வீட்டிலும் சாம்பார்தானாம். அதே பெரியவர்தான் முதலில் எதிரே வந்தார். "இன்னாய்யா உன்னோட ஒரே பேஜாரு! உன் காய்ச்சலால ஊரே கறி துன்னாம கெடக்குது. சீக்கிரம் வந்து காப்ப அவுத்துடு!" அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.

அதன்பின் ஒவ்வோர் ஆடியிலும் காப்புக் கட்டியதும் அவரே மைக்கில் ஓர் அறிவிப்புச் செய்வார். இந்த ஆண்டு அதை நான் சொல்ல வேண்டும் என்று ஊரார் கேட்டிருக்கிறார்கள். அவருடைய கணீர்க் குரல் எனக்கு வராது. அவர் சொன்னது மட்டும் என்னிடம் அப்படியே இருக்கிறது:

"காப்பு கட்டினவங்க ராத்திரி எல்லை தாண்டக் கூடாது. காய்ச்சல் வந்தவங்க தாராளமா தாண்டுங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நாங்க அவுக்காம காத்துக்கினு இருப்போம்."