ஊதா விளக்கில் ஒளிர்ந்த அட்டை

வெம்பிளியில் ஒரு சின்ன மண்டபத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடுவார்கள். பதினைந்து பேருக்கு மேல் வரமாட்டார்கள். பழைய அமெரிக்கப் பேஸ்போல் அட்டைகளைச் சேர்க்கிறவர்கள். நூறு வருடங்களுக்கு முன் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து விற்ற படங்கள் அவை. முன்னால் ஒரு விளையாட்டு வீரனின் முகமும் பெயரும், பின்னால் சிகரெட் விளம்பரம். அந்தப் பதினைந்து பேரில் தமிழர் என்று இருந்தவர் புவனேந்திரன் ஒருவர்தான். போலி அட்டை வாங்கி ஒருமுறைகூட ஏமாறாதவரும் அவர் ஒருவர்தான்.

அவர் தன் வாழ்நாளில் ஒரு பேஸ்போல் ஆட்டம்கூடப் பார்த்தது கிடையாது. கொக்குவிலிலிருந்து வந்து, பார்க் ரோயலில் ஒரு அச்சகத்தில் இருபத்தேழு வருடம் மெஷின் ஓட்டியவர். ஒருமுறை அந்த அச்சகத்துக்குப் பழைய பேஸ்போல் அட்டைகளைத் திருப்பி அடித்துத் தரும் வேலை வந்தது. பின்பக்கத்தில் 'மறுபதிப்பு' என்று சின்ன எழுத்தில் போட்டு அவர்தான் அடித்துக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து, ஒரு சந்தையில் அதே அட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அந்தச் சொல்லை உரசி எடுத்து, தேத்தண்ணியில் தோய்த்து, மூலைகளை மழுக்கிப் பழையது என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். தன் கையால் அடித்தது அவருக்குத் தெரியாதா? அன்று பிடித்த பைத்தியம்தான்.

அச்சகத்தில் இருபத்தேழு வருடத்தில் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. இந்த மண்டபத்தில், குழுவை நடத்தும் டெரெக் என்ற ஓய்வுபெற்ற ரயில் சாரதி, யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அவர் பக்கம்தான் திரும்புவார். "புவன் என்ன சொல்கிறார்?" புவன் பெரும்பாலும் 'பொய்' என்றுதான் சொல்வார். சொன்னது ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. பரணில் கிடந்தது, தாத்தா வைத்திருந்தார் என்று கதையோடு வருகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "கதையை நம்பாதீர்கள், அட்டையைப் பாருங்கள்" என்று மற்றவர்களுக்குப் படிப்பித்தவரே அவர்தான். காலப்போக்கில் இல்லை என்று சொல்வதில் அவருக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

போன வருடம் ஐப்பசியில் றெஜினோல்ட் வந்தார். மன்னார்க்காரர், நகரின் மறுபக்கம் எட்மண்டனில் இருப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். இறந்துபோனவர்களின் வீடுகளைத் துப்புரவாக்கும் ஒரு கொம்பனியில் வேலை. ஒரு கிழவியின் வீட்டில் குப்பைக்குப் போகவிருந்த ஆல்பம் ஒன்றை, விரும்பினால் எடு என்று முதலாளி கொடுத்திருக்கிறார். அதற்குள் இந்த அட்டை. கிழவியின் தகப்பன் யுத்த காலத்தில் வந்த அமெரிக்கச் சிப்பாயாம்.

"அண்ணை தமிழோ? அப்ப எனக்குப் பயமில்லை" என்று கையைப் பிடித்துக்கொண்டார் றெஜினோல்ட்.

அந்தக் கை புவனேந்திரனுக்குக் கூச்சமாக இருந்தது. டெரெக் பார்த்துக்கொண்டிருக்கிறார். வந்தவன் தன் நாட்டு ஆள், கொண்டுவந்ததோ அவர் இத்தனை வருடமாகக் கேலி செய்த அதே கதை. தன் ஆளென்று விட்டுக்கொடுத்ததாக ஒருவரும் நினைக்கக்கூடாது என்ற எண்ணம், அட்டையைக் கையில் வாங்கும் முன்பே அவருக்கு வந்துவிட்டது.

திரைச்சீலையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டார். பழைய காகிதம் அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கும். இந்தக் காலத்துக் காகிதத்தில் வெளுப்பு மருந்து இருப்பதால் நீலமாகப் பளிச்சிடும். றெஜினோல்டின் அட்டை பளிச்சிட்டது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

வழக்கமாக அவர் இன்னொன்றும் செய்வார். லென்ஸை வைத்து எழுத்துகளைப் பார்ப்பார். பழைய அச்சில் எழுத்து இடைவெளியில்லாமல் முழு மை பூசியதாக இருக்கும், புது அச்சில் புள்ளி புள்ளியாகச் சிதறும். லென்ஸ் சட்டைப் பையிலேயே இருந்தது. அன்று அவர் அதை எடுக்கவில்லை.

"தம்பி, இது நேற்று அடிச்ச பேப்பர்" என்றார்.

"இல்லை அண்ணை. அந்த ஆல்பத்தில ஒட்டிக் கிடந்தது. நானே கண்ணால கண்டனான்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை."

றெஜினோல்ட் அட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அதோடு விட்டிருக்கலாம். புவனேந்திரன் வீட்டுக்கு வந்து, குழுவின் இணையப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை எழுதினார். அட்டையின் படம், றெஜினோல்டின் பெயர், எட்மண்டன், செய்யும் தொழில் எல்லாம் அதில் இருந்தது. ஏமாற்றுகிறவர்களிடம் கவனம் என்று முடித்தார். அறுபது பேர் நன்றி சொன்னார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவர் ஒவ்வொன்றையும் வாசித்தார்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் கதவு தட்டிக் கேட்டது. புவனேந்திரனின் மனைவி ராஜலட்சுமி திறந்தார். மழையில் நனைந்த மேல்கோட்டோடு ஒரு பெண் நின்றாள்.

"நான் றஜீனா. றெஜினோல்டின்ர மனிசி. அண்ணையோட கதைக்கவேணும்."

உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. புவனேந்திரன் எழுதியது பழைய சாமான் வியாபாரிகள் எல்லோரிடமும் போய்விட்டதாம். அவர்களுக்குத்தான் முதலாளி பொருட்களை விற்கிறவர். இனி வரவேண்டாம் என்று றெஜினோல்டை நிறுத்திவிட்டார். வேறு இரண்டு இடத்தில் வேலை கேட்டபோது, பெயரைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றிருக்கிறார்கள். கோயிலிலும் கதை பரவிவிட்டது.

"அவர் பூசைக்கும் வாறேல்லை அண்ணை. ஆரோடயும் பேச்சில்லை. நீங்கள் எழுதினதை எடுத்துவிடுங்கோ, அது காணும். நாங்கள் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. அது பொய்க் காட் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஆல்பத்தில ஊத்தையாக் கிடந்ததை நான்தான் பேசினில சவுக்காரத்தூள் போட்டு ஊறவிட்டுக் கழட்டினனான்."

புவனேந்திரன் நிமிர்ந்தார். "என்ன போட்டனீங்கள்?"

"உடுப்புத் தோய்க்கிற தூள்தான். வடிவாக் கழுவித் துடைச்சுத்தான் குடுத்துவிட்டனான்."

உடுப்பை வெள்ளையாகக் காட்டும் தூளிலும் அதே வெளுப்பு மருந்துதான் இருக்கிறது. அச்சுத்தொழில் செய்தவருக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"அந்த அட்டை எங்க?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தாள். உள்ளே நாலு துண்டுகள். "வேலை போன அண்டைக்கு அவர் கிழிச்சுப்போட்டார். நான்தான் பொறுக்கி வச்சனான்."

சாப்பாட்டு மேசையில் துண்டுகளைச் சேர்த்து வைத்து லென்ஸைப் பிடித்தார். எழுத்துகளில் ஒரு புள்ளிகூட இல்லை. முழு மை, ஓரம் வெட்டினாற்போல். பார்க்க அரை நிமிடம் போதுமாக இருந்தது. இவ்வளவு அருமையான ஒன்றை அந்தக் குழுவில் ஒருவரும் கையால் தொட்டதில்லை.

"என்னண்ணை?" என்று கேட்டாள் றஜீனா. எழுதியதை எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

எடுக்க அவரால் முடியவில்லை. எச்சரிக்கைகளை எழுதியவரே அழிக்கக்கூடாது என்பது குழுவின் விதி. முன்பு அந்த விதியைக் கேட்டு வாங்கியவரும் அவர்தான். ஆகவே, தான் பிழைவிட்டதையும் சவுக்காரத்தூள் கதையையும் விளக்கி எழுதினார். இந்த முறை யாரும் நன்றி சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே நாட்டுக்காரர் என்று ஒருவர் எழுதினார். இதில் அவருக்கு என்ன பங்கு என்று இன்னொருவர் கேட்டார்.

எச்சரிக்கையை நீக்கச் சொல்லிக் கேட்டபோது, டெரெக் தொலைபேசியில் மரியாதையாகத்தான் பேசினார். "எழுத்தை நன்றாக அடிக்கிற போலிக்காரர்கள் இருக்கிறார்கள், விளக்கை ஏமாற்ற ஏலாது என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொன்னீர்கள்? இப்போது ஒரு சலவைக் கதை சொல்கிறீர்கள். அட்டையும் கிழிந்துவிட்டது என்கிறீர்கள். உங்கள் இடத்தில் வேறொருவர் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள், புவன்?"

எச்சரிக்கை அப்படியே இருந்தது.

"போய் அந்த மனிசனிட்ட நேரில சொல்லுங்கோ" என்றார் ராஜலட்சுமி. "இங்க இருந்து யோசிச்சு என்ன செய்யிறது?"

அடுத்த சனிக்கிழமை எட்மண்டனுக்குப் போனார். றெஜினோல்ட் சவரம் செய்யாத முகத்தோடு, சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. புவனேந்திரன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். விளக்கைப் பற்றி, தூளைப் பற்றி, அன்று எடுக்காத லென்ஸைப் பற்றி. வழியில் யோசித்து வைத்திருந்த மன்னிப்பையும் கேட்டார்.

றெஜினோல்ட் கடைசிவரை கேட்டார்.

"அப்ப அது உண்மையான காட்டோ?"

"ஓம் தம்பி."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியும்."

றெஜினோல்ட் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இதைச் சொல்லாம விட்டிருக்கலாம் அண்ணை. பொய்யைத்தான் கிழிச்சன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். எனக்கு எண்டு மிஞ்சினது அது ஒண்டுதான்."

குசினி வாசலில் நின்ற றஜீனா வாயைப் பொத்திக்கொண்டாள். கழுவியது அவள். அட்டை பளிச்சிட்டது அதனால்தான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கணவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று புவனேந்திரனுக்குப் பட்டது. இரண்டு பேருக்கு நடுவில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம் என்று தெரிந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வழி தெரியவில்லை.

அவள்தான் அவரைக் கதவுவரை கொண்டுவந்து விட்டாள்.

"இனி வராதேங்கோ அண்ணை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள்.

புவனேந்திரன் அதன்பின் மண்டபத்துக்குப் போகவில்லை. மூன்றாவது மாதம் டெரெக் ஒருமுறை அழைத்தார். யாரோ ஒரு பெட்டி நிறைய அட்டைகள் கொண்டுவந்திருக்கிறார்களாம், வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். கண் சரியில்லை என்று இவர் சொன்னார். டெரெக் இரண்டாம் முறை கேட்கவில்லை. இணையத்தில் றெஜினோல்டின் பெயரைத் தேடினால் இப்போதும் அந்த எச்சரிக்கைதான் முதலில் வருகிறது. புவனேந்திரன் தினமும் காலையில் தேடிப் பார்க்கிறார்.